அம்பாசிடர் இடது மட்கார்டு: அட்டை எல்லாம் பொருந்துது, வண்டியில் பொருந்தலை

சத்துவாச்சாரி பட்டறை:
அம்பாசிடர் முன்பக்க இடது மட்கார்டு ஒட்டுப்போடக்கூட லாயக்கில்லாம துருப்பிடிச்சிருக்கு. வலது பக்கம் நல்லா இருக்கு, அதைப் பார்த்து 20 கேஜ் சிஆர் ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டின இரும்புத் தகடு) கையால அடிக்கிறோம். வலது பக்க வளைவுக்குக் குறுக்குவாக்கில் அட்டை வெட்டி, புதுத் தகட்டில் புரட்டிப் போட்டுப் பார்த்தா எல்லாம் உட்காருது. வண்டியில் வெச்சா முன்முனை தூக்குது, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல வர்ற வளைவு) ஓரம் இழுத்துப் பிடிக்குது. கோளாறு அட்டையிலயா, தகடு அடிச்சதிலயா?

தோட்டப்பாளையம் டிங்கர்:
அட்டை வளைவை மட்டும்தான் சொல்லும், அந்த இடத்துக்கு எவ்வளவு தகடு வேணும்னு சொல்லாது. ஓரம் இழுக்குதுன்னா அங்க தகடு பத்தலை. வலது மட்கார்டு மேல டேப் ஒட்டி, அதை உரிச்சு ஒரு மாதிரி (பேட்டர்ன்) எடுங்க.

முதல்ல வலது மட்கார்டு முழுக்க காந்தம் ஓட்டிப் பாருங்க தம்பி. காந்தம் பிடிக்காம வழுக்கினா அடியில பட்டி (பள்ளத்தை நிரப்புற பூச்சு) தடிமனா இருக்கு, பழைய ரிப்பேரையும் சேர்த்துப் படியெடுத்துடுவீங்க. அப்புறம் வேக்ஸ் பாலிஷ் போட்டு, மாஸ்கிங் டேப்பை பாதிக்குப் பாதி ஏறுற மாதிரி ஒட்டுங்க. இழுத்து ஒட்டக்கூடாது, இழுபட்ட டேப் உரிச்சதும் சுருங்கும். அதுமேல பார்சலுக்கு ஒட்டுற நார் டேப், 24 மி.மீ. அகலம், நீளவாக்கில் ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை. நார் நீளாது, அளவைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். அட்டை நிக்கிற கோடு, வெல்டிங் ஜாயின்ட் கோடு, முன்பக்க அம்புக்குறி எல்லாம் மார்க்கரில் போட்டுட்டு மெதுவா உரிங்க. கோட்டு மேல குண்டூசியால குத்தி உள்பக்கமும் குறிச்சுக்குங்க. பசைமேல டால்கம் பவுடர் தூவி, சட்டையைப் புரட்டுற மாதிரி புரட்டினா அதுவே இடது பக்கத்துக்கான பேட்டர்ன்.

அடிச்ச தகட்டு மேல போர்த்துங்க. டேப் தொளதொளன்னு நிக்கிற இடத்தில் தகட்டை நீட்டணும். விறைச்சு ஓரத்துக்கு எட்டாம நின்னா அங்க தகடு அதிகம், ஒடுக்கணும் (தட்டிச் சுருக்கணும்).

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன்:
வீல் ஆர்ச்சுக்கு அது சரி. முன்முனை தூக்குறது வேற கதை, முறுக்கு. குறுக்கு அட்டை ஒவ்வொண்ணும் தன்னிஷ்டத்துக்குச் சாய்ஞ்சு உட்கார்ந்துக்கும், முறுக்கைக் காட்டாது. உச்சிக்கோட்டு மேல நெடுக்க ஒரு அட்டை வெட்டி, ரெண்டிலும் பாதி ஆழத்துக்குப் பிளந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுங்க. கூடு ஆடாம நின்னாத்தான் தகடு சரி.

அட்டைப்பெட்டி வேணாம், ஓரம் நசுங்கும். 3 மி.மீ. ஹார்ட்போர்டில் கவராயத்தால கோடு எடுத்து, கோட்டுக்கு வெளியே வெட்டி, இடையில வெளிச்சம் தெரியாத வரைக்கும் அரம் போடுங்க. வெளிப்பக்கம் எடுத்த அளவை வெச்சு உள்ளே மரக்கட்டை செதுக்கினா தகட்டுத் தடிமன் 0.9 மி.மீ. கழிக்கணும். ஆனா ஒரே ஒரு மட்கார்டுக்கு மரக்கட்டை செதுக்குறது வீண் செலவு.

ஆம்பூர் பேட்டர்ன்:
ஷூ லாஸ்ட் (ஷூ செய்யற கால் அச்சு) மேல டேப் ஒட்டி எடுக்குறதும் இதே வேலைதான். நாங்க அதைக் கீறி அட்டையில் தட்டையா விரிப்போம், மிச்சத்தைத் தோல் இழுத்துக்கொடுக்கும். தகட்டுக்கு அப்படி விரிச்சா மடிப்பு விழுந்து அளவு கெட்டுடும். தகடு வெட்ட பிரவுன் பேப்பரைத் தனியா வலது மட்கார்டு மேல காந்தம் வெச்சுப் போர்த்துங்க. பேப்பர் மடியுற இடம் ஒடுக்கவேண்டியது, கத்திரிச்சா வாய் பிளக்குற இடம் நீட்டவேண்டியது. சுத்தி 25 மி.மீ. கூட விடுங்க.

நம்ம ஊர் கத்திரி வெயிலில் டேப் ஒட்டுற வேலையைச் செய்யாதீங்க. சூட்டில் பசை இளகி நார் நகரும், பெயின்ட்டிலும் ஒட்டிக்கும். காலையில நிழலில் ஒட்டி உடனே உரிச்சுடுங்க.

சத்துவாச்சாரி பட்டறை:
நன்றிண்ணே. ஹெட்லைட் குழியும் அதே தகட்டில் வரட்டுமா?

தோட்டப்பாளையம் டிங்கர்:
வேணாம். குழியைத் தனி வளையமா அடிச்சுச் சேருங்க, ஒரே தகட்டில் இழுத்தா கிழியும். ஜாயின்ட் வளைவு கம்மியா இருக்கிற இடத்தில் வரட்டும், தட்டிச் சமன்படுத்த டாலி (பின்னால தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டை) உள்ளே போகணும். ஓர மடிப்புக்கு 12 மி.மீ. விட்டு, வடிவம் முழுசா வந்தபிறகு மடக்குங்க. முதல்லயே மடக்கினா ஓரம் விறைச்சுக்கும், அப்புறம் நீட்ட முடியாது. போல்ட் துளை மட்டும் வலது பக்க அளவில் போட்டுடாதீங்க. இடது கதவு இடைவெளியும் பானெட் ஓரமும் பார்த்து, வண்டியில வெச்சுக் குறிங்க.