‘கூலி’ யார் வீட்டுச் சொல்?

டோங்காட் பெரியவர்:
இந்தத் தென்னாப்பிரிக்காவில் நம்மை வெள்ளைக்காரன் ‘கூலி’ என்று ஏசினானே, அது குஜராத்தின் கோலி சாதிப் பெயராம், தமிழுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லையாம். நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 619ஆம் குறளை எடுத்துப் பாரும்: ‘மெய்வருத்தக் கூலி தரும்’. வள்ளுவர் என்ன குஜராத்தியா?

பீனிக்ஸ்வாசி:
அந்த மேதாவி நான்தான் ஐயா. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கென்று 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியே கோலி பக்கம்தான் சாய்கிறது. குறளில் கூலி என்றால் சம்பளம். ஆளைச் சொல்லவில்லை.

டோங்காட் பெரியவர்:
தமிழ்க் கூலிதான் மூலம் என்று மொழியறிஞர் வில்சன் சொன்னதும் அதே அகராதியில் இருக்கிறதே, அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லையோ? கரும்புத் தோட்டத்தில் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். அந்தக் கூலிக்கு வந்தவனைக் கூலி என்றான். இதில் கோலி எங்கே வந்தான்? 619ஆம் குறள்!

மெரிபேங்க் அக்கா:
அண்ணே, ஏச்சுக்குப் போய் இத்தனை சொந்தம் கொண்டாடுகிறீர்களே! காய்கறிக் கூடை சுமந்து விற்றவர்களை ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள், ராமசாமி முனுசாமியின் வாலை மட்டும் வெட்டியெடுத்து. அதுவும் தமிழ்தான். அதற்கும் மாலை போடுவோமா?

டோங்காட் பெரியவர்:
சாமி கதை வேறு, தங்கச்சி. குறுக்கே இழுக்காதே.

பீனிக்ஸ்வாசி:
காந்தியைக்கூட ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். அவர் குஜராத்திதானே?

டோங்காட் பெரியவர்:
அவர் வந்தது 1893இல். அதற்கு முப்பது வருஷம் முன்பே நம் ஆட்கள் இங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெருலம் நாயுடு:
‘நம் ஆட்கள்’ என்றால் யார்? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. அதில் தெலுங்கர்களும் உண்டு. தெலுங்கிலும் கூலி கூலிதான்.

டோங்காட் பெரியவர்:
வந்துவிட்டாரய்யா! பொங்கல் நோட்டீஸில் பெயர் விட்டுப்போன கோபம் இன்னும் ஆறவில்லை.

வெருலம் நாயுடு:
அது தானாக விட்டுப்போகவில்லை. அச்சுக்குக் கொடுத்தவர் எடுத்துவிட்டார். யார் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும்.

பீனிக்ஸ்வாசி:
ஐயா, 619ஐ விட்டால் வேறு சான்று உண்டா?

டோங்காட் பெரியவர்:
அந்த ஒன்றே போதும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வருமா, முதலில் அதைச் சொல்.

பீனிக்ஸ்வாசி:
இவ்வளவு நேரம் எந்த மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேனாம்?

டோங்காட் பெரியவர்:
தமிழ் மாதிரி ஒன்றில். வில்சனைப் படித்துவிட்டு வா, பேசலாம்.

மெரிபேங்க் அக்கா:
இன்று எவனாவது அப்படிக் கூப்பிட்டால் நான் கோர்ட்டுக்கு இழுப்பேன். அங்கே போய்க் குறளா சொல்வது?

டோங்காட் பெரியவர்:
ஏன், சொன்னால் என்ன?

வெருலம் நாயுடு:
நோட்டீஸ் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.