நாகலூர் கேட்டும் கார்டு கழற்றிய கிரைண்டரும்

குழு: பெரிய வீடு

சித்தப்பா (நாகலூர், ஏற்காடு மலை), காலை 8:10
(படம்)
இந்த மழைக்குக் கேட்டின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்கிறது. புதன்கிழமை வெல்டிங்காரர் வருகிறார். அதற்குள் பழைய கம்பிகளை நானே அறுத்து வைக்கலாமென்று, சுழலும் வீலால் இரும்பை அறுக்கும் 4 அங்குல கிரைண்டர் வாங்கினேன். இரண்டு கம்பி முடிந்தது.

அத்தை (அஸ்தம்பட்டி), 8:12
அப்பா வைத்த கேட் அது. பார்க்கவே மனம் கேட்கவில்லை.

பெரியப்பா, 8:14
தம்பி, மெஷினை நிறுத்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைப் படி.

பெரியப்பா, 8:15
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீலை மூடியிருக்கும் கார்டு எங்கே? கழுத்தில் துண்டு எதற்கு?

சித்தப்பா, 8:17
நிறுத்திவிட்டேன் அண்ணா. மூலைக் கம்பிக்கு வீல் எட்டவில்லை, கார்டு இடித்தது. அதனால் கழற்றினேன். கவனமாகத்தான் பிடிக்கிறேன்.

பெரியப்பா, 8:24
நீ எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் வீல் உடையும்போது அது உதவாது. அந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் என்னிடம் வேலை பார்த்த பையனும் இப்படி ஒரு மூலைக்காகத்தான் கார்டைக் கழற்றினான். பாதி அறுந்த கம்பி தொங்கி வீலைக் கவ்வியது. வீல் மூன்றாகத் தெறித்தது. ஒரு துண்டு மரக்கதவில் அரை அங்குலம் இறங்கி நின்றது. நல்லவேளை, அவன் ஒதுங்கி நின்றிருந்தான். அந்தத் துண்டை நான் பிடுங்கவே இல்லை. புதிதாகச் சேரும் பையன்களை முதலில் அந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.

சித்தி (நாகலூர்), 8:26
மாமா, காலையிலிருந்து நானும் சொல்கிறேன். நேற்று இன்னொன்றும் நடந்தது. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்க உள்ளே வந்தார். கரண்ட் வந்ததும் அது தானாகச் சுற்றிக்கொண்டு திண்ணைவரை ஓடியது.

பெரியப்பா, 8:29
சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. மலையில் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். கரண்ட் போன நொடியே சுவிட்சை அணை, பிளக்கையும் எடு. வீல் மாற்றும்போதும் அப்படித்தான். பேரப்பிள்ளைகள் விளையாடும் திண்ணை அது.

அக்கா (கண் வார்டு நர்ஸ்), 8:33
சித்தப்பா, கண்ணாடி போட்டீர்களா?

சித்தப்பா, 8:34
படிக்கிற கண்ணாடி போட்டிருந்தேன் அம்மா.

அக்கா, 8:38
அது போதாது. பக்கவாட்டையும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, அதன்மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டும் மாட்டுங்கள். இரும்புத்தூள் கருவிழியில் ஒட்டினால் அதைச் சுற்றி வளையமாகத் துருப்பிடிக்கும். முதலில் லேசாக உறுத்தும், அவ்வளவுதான். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டு மூன்றாம் நாள் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது. உறுத்தினால் கசக்காதீர்கள், துணி முனையால் எடுக்காதீர்கள், அன்றே கண் டாக்டரிடம் வந்துவிடுங்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற நிலை உங்களுக்கு வேண்டாம்.

சித்தப்பா, 8:41
அண்ணா, அப்படியானால் மூலைக் கம்பியை எப்படி எடுப்பது?

பெரியப்பா, 8:47
ஆக்சா பிளேடால் கையாலேயே அறு. இரண்டே கம்பிதானே. மற்றதற்குக் கார்டை மாட்டி, அதன் மூடிய பக்கம் உன்னைப் பார்த்திருக்கும்படி திருப்பி இறுக்கு. இரண்டு கையாலும் பிடி. வீலுக்கு நேர்கோட்டில் நிற்காதே. கம்பி அறுபடும்போது வெட்டுவாய் விரிய வேண்டும், மூடக்கூடாது. மூடினால்தான் வீலைக் கவ்வும், மெஷின் உன்மேல் துள்ளும். அதனால் தொங்குகிற பக்கத்துக்குக் கட்டை முட்டுக் கொடு. கட்டிங் வீலின் பக்கத்தை வைத்துப் பிசிறு தேய்க்காதே, அது மெல்லியது. அதற்குத் தடித்த கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. நூல் கையுறை வேண்டவே வேண்டாம், சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கழுத்தில் போடும் துண்டும் அப்படித்தான்.

அத்தை, 8:49
சில்வர் ஓக் சருகு வாசல் முழுவதும் கிடக்குமே. பொறி அதில் விழாதா?

சித்தி, 8:50
காலையில்தான் கூட்டித் தள்ளினேன் அண்ணி. இரண்டு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறது.

பெரியப்பா, 8:53
நல்லது. ஆனால் ஈரத் தரையில் நின்று மெஷினைத் தொடக்கூடாது, எக்ஸ்டென்ஷன் வயரும் ஈரத்தில் கிடக்கக்கூடாது. தம்பி, வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் படம் எடுத்து அனுப்பு.

சித்தப்பா, 9:02
(படம்)
இது புது வீல் இல்லை அண்ணா. பழைய கருவிப் பெட்டியில் கிடந்தது. வளையத்தில் 06/2021 என்று இருக்கிறது.

பெரியப்பா, 9:05
அது காலாவதித் தேதி. அரைக்கும் துகள்களைப் பிசினால் ஒட்டிச் செய்த இந்த மாதிரி வீல் பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான். நம் மலை ஈரத்தில் பெட்டிக்குள் கிடந்தால் அந்தப் பிசின் இன்னும் பலவீனமாகும். இதை வைத்தா இரண்டு கம்பி அறுத்தாய்? என் கை நடுங்குகிறது. உடனே இரண்டாக உடைத்துக் குப்பையில் போடு, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாது. புதிது வாங்கும்போது அதில் போட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மெஷினுடையதைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பார். மாட்டியதும் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட விடு.

சித்தப்பா, 9:11
(படம்)
உடைத்துவிட்டேன் அண்ணா. கார்டும் மாட்டியாகிவிட்டது, சரியாக இருக்கிறதா பாருங்கள்.

பெரியப்பா, 9:13
இன்னும் கால்வட்டம் உன் பக்கம் திருப்பு. இன்று ஒன்றும் அறுக்க வேண்டாம். நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன், ஷீல்டும் நான்கு புது வீலும் கொண்டுவருகிறேன்.

சித்தி, 9:14
வாருங்கள் மாமா. மெஷினை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.