புதுப்பிப்பு: 2003 மாடல் பைக், பொல்யூஷன் டெஸ்ட்டில் பாஸ்

நான் முன்பு உதவி கேட்டிருந்தது இதுதான்: 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி, ஐடிலிங்கில் (நின்றபடி எஞ்சின் ஓடும்போது) புகையில் கார்பன் மோனாக்சைடு 5.1 சதவீதம். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான இந்த வகைக்கு வரம்பு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பனுக்கு (எரியாத பெட்ரோல்) 4500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகியும் இறங்கவில்லை.

கோளாறு ஸ்க்ரூவில் இல்லை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடிலில். அதன் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம் விழுந்து, பெட்ரோல் மட்டம் எப்போதும் உயர்ந்தே நின்றது; கலவையில் பெட்ரோல் கூடி கார்பன் மோனாக்சைடும் ஏறியது. அந்த நிலையில் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுவது வீண். புது நீடில் போட்டு, பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைக் குழாய்) கிளீனர் அடித்துக் காற்றால் ஊதியாயிற்று. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், தயவுசெய்து. துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

பிறகு டியூனிங். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்க்ரூவை அழுத்தாமல் முழுதும் உள்ளே, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. கால் கால் சுற்றாகத் திருகி ஆர்பிஎம் (எஞ்சின் வேகம்) உச்சத்தைப் பிடித்து, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்கவும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால்தான் வெளியே திருகத் திருகக் கலவை மெலியும் (பெட்ரோல் பங்கு குறையும்). எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர். அளவுக்கு மீறி மெலிந்தால் மிஸ்ஃபயர் ஆகி (கலவை சரியாகப் பற்றாமல்) ஹைட்ரோகார்பன் ஏறிவிடும்.

இப்போது கார்பன் மோனாக்சைடு 2.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 780 பிபிஎம்.