ஆல்பாவில் ஐந்து கோர்ஸ், ஐந்து கிளாஸ்: தேவையா?

கொடிமுந்திரி:
வட இத்தாலியின் பியமான்ட் பக்கம் போகிறவர்கள் ஆல்பாவில் ஒரு ராத்திரி நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்கு முதலில் ஆல்டா லாங்கா ஸ்பார்க்லிங் ஒயின் வந்தது. அடுத்து வித்தெல்லோ தொன்னாத்தோ: ஆறவைத்த கன்றிறைச்சியை மெல்லிசாகச் சீவி, மேலே சூரை மீனும் நெத்திலியும் அரைத்த சாஸ். அதற்கு ஆர்னெய்ஸ் வெள்ளை ஒயின். மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த தாயரின் பாஸ்தாவுக்கு பார்பரெஸ்கோ சிவப்பு ஒயின், பரோலோ என்ற இன்னொரு சிவப்பு ஒயினிலேயே வெந்த மாட்டிறைச்சிக்கு அதே பரோலோ, ஹேசல்நட் கேக்குக்கு மோஸ்காதோ இனிப்பு ஒயின். எல்லாம் அந்த மாகாணத்து ஒயின்தான். இப்படி ஒவ்வொரு கோர்ஸுக்கும் பொருத்தமான ஒயினை ஒரு கிளாஸ் ஊற்றுவதுதான் பேரிங். அதை எடுக்காமல் எழுந்து வந்தால் பாதி சாப்பாடுதான் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அரைபாட்டில்:
கிளாஸுக்கு 75 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்துக்கு 375. அதாவது அரை பாட்டில். அதற்கு ஒரு முழு பாட்டில் காசு, சில இடங்களில் அதற்கும் மேலே. அப்புறம் இந்த 'உள்ளூர்' பெருமை. ஆல்டா லாங்காவில் இருப்பது பினோ நுவாரும் ஷார்டனேயும், இரண்டும் பிரான்ஸ் திராட்சை. பியமான்டுக்குக் கடற்கரையே கிடையாது, சூரை மீன் எங்கிருந்து வந்தது? பார்பெரா சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடும். புளிப்பு உண்டு, துவர்ப்பு குறைவு, எதனோடும் சண்டை போடாது.

கொடிமுந்திரி:
கடல் இல்லாவிட்டால் என்ன, பக்கத்திலேயே கடலோர லிகூரியா இருக்கிறதே. உப்பும் உப்பிட்ட நெத்திலியும் அங்கிருந்து மலை ஏறி வந்தவை. பியமான்டின் மைரா பள்ளத்தாக்கு வியாபாரிகள் அந்த நெத்திலியை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைகிற பாஞ்ஞா காவுதா அப்படித்தான் அந்த ஊர்ச் சாப்பாடு ஆனது.

பார்பெரா எதனோடும் சண்டை போடாது, சரி. ஆனால் எதையும் தூக்கியும் விடாது. பரோலோவைச் சும்மா குடித்தால் கொட்டைப்பாக்கு மென்ற வாய் மாதிரி இழுக்கும். அந்தத் துவர்ப்பு எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே கொழுப்போடு இறைச்சி உள்ளே போனால் பிடி தளரும், பழவாசனை மேலே வரும். அந்த ஒரு வாய்க்காகத்தான் காசு.

அடுப்படி:
டூரினில் ஒரு ரெஸ்டாரண்ட் சமையலறையில் இருக்கிறேன், இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மண்ணுக்கடியில் விளைகிற வாசனைக் காளானான வெள்ளை ட்ரஃபிள் சீசனில் எல்லோரும் பரோலோதான் கேட்கிறார்கள். அது தப்பு. ட்ரஃபிளை நாங்கள் சமைப்பதில்லை. மேஜைக்கே கொண்டுவந்து, தராசில் வைத்து, சீவி, மறுபடி நிறுத்து, கிராமுக்கு இவ்வளவு என்று பில்லில் ஏற்றுவோம். இருப்பது வெறும் வாசனை. இளசான பரோலோ அதை அமுக்கிவிடும். நன்றாக வயதான பார்பரெஸ்கோ கேளுங்கள், இல்லையென்றால் வெள்ளை ஒயினே போதும்.

பேரிங் எடுப்பவர்கள் ஒன்று விசாரிக்க வேண்டும்: பாட்டில் எப்போது திறந்தது? முந்தாநாள் திறந்த ஆர்னெய்ஸை உங்கள் தலையில் கட்டுகிற இடங்களும் உண்டு. கார் ஓட்டுகிறவர் பாதி அளவு ஊற்றச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் இங்கே வரம்பு. ஆல்பாவைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுப் பாதைகளின் வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அரைபாட்டில்:
முந்தாநாள் பாட்டில்! அதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன். முழு பாட்டில் வாங்கினால் என் கண்ணெதிரே திறப்பார்கள். மிஞ்சினால் கையோடு எடுத்துப் போகலாம். மோஸ்காதோவை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், 5 சதவீதம் ஆல்கஹால்தான், கேக்கோடு சுகமாக இறங்கும். அதைத் தனி கிளாஸாக வாங்கிக்கொள்வேன்.

கொடிமுந்திரி:
மோஸ்காதோ தனி கிளாஸ். மீன் சாஸுக்கு பார்பெரா சரிப்படாமல் ஆர்னெய்ஸும் ஒன்று கேட்பீர்கள். பக்கத்து மேஜையைப் பார்த்து பரோலோவும் ஒன்று. கூட்டிப் பாருங்கள், நீங்கள் எடுத்ததும் பேரிங்தான், என்னைவிட அதிக விலையில்.

அரைபாட்டில்:
பக்கத்து மேஜையை நான் பார்ப்பதே இல்லை சார்.