காதில் இம்ப்ளான்ட் வைத்தும் நீளமாகப் பேசினால் அப்பாவால் தொடர முடியவில்லை, இது ஞாபக மறதியா?

பவானிக்கரை:
அப்பாவுக்கு 66 வயது. பல வருடங்களாகக் காது மெல்ல மங்கி, ஹியரிங் எய்டும் உதவாமல் போய், போன வருடம் ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (கேட்கும் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி) வைத்தோம். ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அமைதியான அறையில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாகத் திருப்பிச் சொல்கிறார், மேப்பிங்கும் (கருவியை அவர் காதுக்கு ஏற்றபடி அமைப்பது) நன்றாக இருக்கிறதாம். ஆனால் வீட்டில் டிவி ஓடும்போது நான் இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொன்னால், "முதல்ல என்ன சொன்னே?" என்று கேட்கிறார். சித்தப்பா இதை ஞாபக மறதி என்று சொல்லிவிட, அப்பா பயந்துபோய் இப்போது பேசுவதையே குறைத்துவிட்டார். மெமரி ஆப் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

செவிவழி:
நான் ஆடியாலஜிஸ்ட். நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து மறதி என்று சொல்லவே முடியாது சகோ, சித்தப்பாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உள்காதில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் செல்கள் சுமார் 3,500. அந்த வேலையை இம்ப்ளான்ட் 12 முதல் 22 எலக்ட்ரோடுகளை (நரம்பைத் தூண்டும் மின்முனைகள்) வைத்துச் செய்கிறது, அதனால் மூளைக்குப் போகிற ஒலியில் நுணுக்கம் குறைவு. விடுபட்டதை ஊகித்து நிரப்பவும், அதுவரை கேட்டதைக் கையில் பிடித்து வைத்திருக்கவும் ஒரே ஒர்க்கிங் மெமரிதான், அதாவது கேட்டதைச் சற்று நேரம் வைத்துக்கொண்டு யோசிக்க உதவும், அளவான தற்காலிக நினைவு. ஊகிப்பதிலேயே அது செலவாகிவிட்டால் முன்னால் கேட்டது நழுவும். 1968லேயே ராபிட் என்ற உளவியலாளர், காது நன்றாகக் கேட்பவர்களிடமே இதைக் காட்டினார்: எண் வரிசையின் பின்பாதியை இரைச்சலோடு ஒலிக்கவிட்டால், தெளிவாகக் கேட்ட முன்பாதியும் நினைவில் குறைந்தது. ஸ்வீடனில் யெர்கர் ரோன்பெரி குழு பிறகு இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தது.

மல்லிகா அக்கா:
நானும் இம்ப்ளான்ட் போட்டிருக்கிறேன் தம்பி, அப்பாவின் நிலை எனக்கு அப்படியே புரிகிறது. நம் பேச்சில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. "நாளைக்குக் காலையில ஈரோட்டுல இருந்து பெரியப்பா கார்ல" என்பது வரை பிடித்து வைத்துக்கொண்டு, வருகிறாரா வரவில்லையா என்ற அந்தக் கடைசித் துண்டுக்குக் காத்திருக்க வேண்டும், அங்கே போய் மிக்சி சத்தம் குறுக்கிட்டால் மொத்த வாக்கியமும் போச்சு. என் மகள் இப்போது "பெரியப்பா வர்றார்" என்று முதலில் சொல்லி, நான் தலையாட்டிய பிறகுதான் எப்போது, எப்படி என்று சொல்கிறாள். எதைப் பற்றிய பேச்சு என்று முன்கூட்டித் தெரிந்தாலே பாதிப் பாரம் குறைகிறது. அப்புறம், அப்பா மறுபடி கேட்டால் "ஒண்ணுமில்ல விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எங்களைப் பேசாமல் ஆக்குவது அதுதான்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றி, அக்கா. அப்போ ஆப் வேண்டாமா? மறதி இல்லை என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

செவிவழி:
ஆப்பில் பயிற்சி செய்தால் அந்த விளையாட்டில் தேறுவார். அது பேச்சைப் புரிந்துகொள்வதற்கும் கைகொடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தை ரிமோட் மைக்குக்கு வையுங்கள், பேசுகிறவர் சட்டையில் மாட்டிக்கொண்டால் குரல் நேராக இம்ப்ளான்ட்டின் வெளிக்கருவியான ப்ராசசருக்குப் போய்விடும். தினமும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை வாசிக்க, அவரும் அதே வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும், பழகிய பிறகு தாளை மூடிவிட்டுக் கேட்கலாம்.

பணத்தை எங்கே வைத்தோம், மாத்திரை போட்டோமா என்று காதுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களிலும் தடுமாறினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் அங்கே வாயால் சொல்லிக் கேட்கும் சோதனை மட்டும் வைத்தால் காது தவறவிட்டதெல்லாம் மறதிக் கணக்கில் விழுந்துவிடும். இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லி, கேள்விகளை எழுத்தில் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.