நெல்லைப் பக்கம் ஆங்கில வகுப்பில் கதைப் பீரியட் நடத்துகிறவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அம்பை ரோடு டீச்சர்:

நானே தொடங்கி வைக்கிறேன். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை. எட்டு, ஒன்பது இரண்டு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்றே வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பாடப்புத்தகம் கிடையாது, கேள்வி பதில் கிடையாது. பிள்ளைகள் அதைக் கதைப் பீரியட் என்கிறார்கள். எப்படி நடத்துகிறீர்கள் என்று பலர் தனித்தனியாகக் கேட்பதால் பொதுவில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நீங்களும் உங்கள் பள்ளியில் நடந்ததை எழுதினால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் எந்தப் பீரியட் என்பதை யோசியுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மட்டும் இதற்குக் கொடுக்காதீர்கள். மிச்ச நேரத்தில் செய்கிற காரியம் என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், போதாததற்கு எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றுகிற வேலை, கூட்டம், விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுப்பது என்று எல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து விழும். நான் செவ்வாய்க்கிழமை காலை இன்டர்வெல் முடிந்ததும் வருகிற பீரியடை எடுத்துக்கொண்டேன். பாடக்குறிப்பிலும் மறைக்காமல் எழுதுகிறேன்: நோக்கம் இன்னது, நான் சத்தமாக வாசிப்பது பத்து நிமிடம், பிள்ளைகள் மௌனமாக வாசிப்பது இருபத்தைந்து நிமிடம், பேச ஆசைப்படுகிறவர்கள் பேச மீதி.

இப்படி எழுதி வைத்ததன் அருமை பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தபோது தெரிந்தது. வகுப்பே குனிந்து உட்கார்ந்திருக்கிறது, நானும் மேசையில் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். “பாடம் நடத்தலியா டீச்சர்?” என்றார். பாடக்குறிப்பையும், யார் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள் என்ற நோட்டையும் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு பையனை எழுப்பி, கையிலிருந்த பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அவன் திக்கித் திக்கித்தான் வாசித்தான். ஆனால் முதலை குரங்கிடம் ஏமாறுகிற இடம் வந்ததும், யாரும் சொல்லாமலே, வாசித்துக்கொண்டே சிரித்துவிட்டான். அதிகாரியும் சிரித்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். புரிந்ததா என்று பார்க்க அந்தச் சிரிப்பை விடப் பெரிய தேர்வு என்ன இருக்கிறது?

அடுத்தது புத்தகம். பெரும்பாலான பள்ளிகளில் வேலை நிற்பது இங்கேதான். நூலக பீரோ இருக்கும், சாவியும் யாரிடமாவது இருக்கும், தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பீரோவைத் திறக்க மாட்டார்கள். நான் ஹெச்.எம்.மிடம் பேசி, பதிவேட்டில் என் பெயருக்கே எழுதி வாங்கி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு வகுப்பிலேயே வைத்துவிட்டேன். சிலது கிழியும், ஒன்றிரண்டு திரும்பி வராது, பரவாயில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான்.

பீரோவில் இருந்ததில் பாதி எங்கள் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்பதும் உண்மை. அட்டை அழகாக இருக்கும், முதல் பக்கத்திலேயே பாதிச் சொல் தெரியாது. உடனே என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும், பென்சிலை எடுத்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலேயும் அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பிப்பார்கள், அப்புறம் கண் அந்தத் தமிழ் எழுத்தில்தான் ஓடும். அகராதியும் ஆசிரியரும் இல்லாமல் ஒருவர் சிரமப்படாமல் வாசிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 98 சொல்லாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதுசாக இருக்கலாம். அந்தக் கணக்குப்படி தேடினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குச் சின்ன வகுப்புப் படக்கதைதான் பொருந்தும். அதைத்தான் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை புத்தகம் என்று கூச்சப்படுவார்கள். அதனால்தான் நானும் அதையே மேசையில் வைத்து வாசிக்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாக ஆங்கிலக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தால் ஒரு புத்தகம். பழைய டிங்கிள் (சிறுவர் ஆங்கிலப் படக்கதை) இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

எளிய சொல்லில் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளைகளைத் தாழ்த்துவதாக நினைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரைச் சொல்வேன். 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, வங்காளப் பிள்ளைகளுக்காக அவர் அளவான சொற்களில் வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். பாதியில் பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளைக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், வாசிக்கத் தெரிந்தால் அதாவது மிஞ்சும் என்பது அவர் வாதம். பத்தாவதோடு நின்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் தைத்தது.

நான் கேள்வி கேட்காததைப் பற்றித்தான் சக ஆசிரியர்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். கதை முடிந்ததும் சுருக்கம் எழுது, நீதி என்ன சொல் என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் அவர்கள் கதையை வாசிக்க மாட்டார்கள், விடையைத் தேடுவார்கள். என் பிள்ளைகள் நோட்டில் எழுதுவது புத்தகப் பெயர், நிறுத்திய பக்கம், அப்புறம் ‘பிடிச்சது’, ‘பரவாயில்லை’, ‘விட்டுட்டேன்’ இந்த மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். ‘விட்டுட்டேன்’ என்று எழுதினால் ஏன் என்று கேட்பதில்லை. ஆசிரியராகவும் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் வாசகருக்குப் பத்து உரிமைகள் எழுதியிருக்கிறார், முடிக்காமல் விடுவதும் அதில் ஓர் உரிமை. என் வகுப்பில் ஒருவன் வாரா வாரம் ‘விட்டுட்டேன்’ மட்டும் எழுதினான். அவன் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஒருநாள் தண்ணீர் மோட்டாரோடு வருகிற ஆங்கிலக் கையேட்டைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, “டீச்சர், இத வாசிக்கலாமா?” என்றான். தாராளமாக என்றேன். எண்ணெய்க் கறை படிந்த அந்த மெல்லிசுப் புத்தகத்தை விரல் வைத்து வரி வரியாக வாசித்தான். மோட்டார் சூடானால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஓரிடத்தில் அச்சுப்பிழை என்று வாதாடினான். படத்தைப் பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி.

மார்க் என்ன ஆகும் என்று ஹெச்.எம். கேட்டார், நியாயமான கேள்வி. ஃபிஜித் தீவில் கிராமப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்து வாசிக்க விட்டதைப் பற்றி எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-இல் எழுதிய கட்டுரையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி கிடையாது. எட்டே மாதத்தில் வாசிப்பில் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். “சரி, நடத்துங்க, ஆனா போர்ஷன் முடியணும்” என்றார். முடித்துக் கொடுக்கிறேன்.

நாங்குநேரி சார்:

டீச்சர் சொன்ன மோட்டார் கையேடு விஷயம் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்துக்குப் பக்கத்துப் பள்ளி. எங்கள் வகுப்பில் எந்தக் கதையையும் தொடாத ஒரு கூட்டம் உண்டு, எல்லாரும் குளத்தங்கரைப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் பறவைப் படங்களோடு ஒரு கையேடு என்னிடம் இருந்தது. மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதைச் சுற்றி நாலு தலை. “சார், இது எங்க வீட்டு மரத்துல கூடு கட்டுதது!” என்று மஞ்சள் மூக்கு நாரையைக் காட்டினார்கள். கூழைக்கடா, கரண்டிவாயன், பூநாரை எல்லாம் அவர்களுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. எவ்வளவு உயரம், என்ன தின்னும், எத்தனை முட்டை என்பதெல்லாம் முன்பே தெரியும் என்பதால் தெரியாத ஆங்கிலச் சொல்லையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது என்ற பத்தியை ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப வாசித்தது. நம்ம குளத்துக்கு வருகிற வாத்தா அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று அதற்கு நம்பிக்கையே வரவில்லை, கடைசியில் அட்லஸை எடுத்து மங்கோலியாவைத் தேடிக்கொண்டிருந்தது. அன்று ஆங்கிலமும் புவியியலும் சேர்ந்து நடந்தது. நான் செய்தது புத்தகத்தை மேசையில் வைத்தது மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் டீச்சரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நூற்றுக்கு 98 என்பது கதைக்குச் சரி. பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருந்தால் அதற்குக் கீழேயும் போகலாம், ஆசை இழுத்துக்கொண்டு போகும்.

முக்கூடல் பக்கத்துத் தமிழ் டீச்சர்:

நான் ஆங்கிலம் எடுப்பதில்லை. ஆனாலும் இதை எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் ஆங்கில மேடம் வாரக் கடைசியில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டில் வாசிக்க எங்கே நேரம் இருக்கப்போகிறது என்றுதான் நான் சொன்னேன், எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டால் பீடி வேலை இருக்கும், இலை நனைக்க, வெட்ட, நூல் கட்ட என்று அம்மாவுக்கு ஒத்தாசை.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் அம்மை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி மூன்று பேரும் மடியில் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், இவள் நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்கிறாள், உடனே அதைத் தமிழில் சொல்கிறாள். வெள்ளாட்டுக் குட்டி ஒன்று சந்தையில் தொலைந்துபோகிற கதை. ஆச்சி கை நிற்கவே இல்லை, வாய் மட்டும் “ம், பெறவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இவளுக்கு ஒரு வரி புரியாமல் நின்றபோது ஆச்சியே, “குட்டிய கசாப்புக்காரன் புடிச்சிருப்பாம்ளா, அதத்தாஞ் சொல்லுதான்” என்று கதையை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை மறுபடி வாசித்துப் பார்த்து, ஆமா என்றது.

கியூபாவில் சுருட்டுச் சுற்றும் ஆலைகளில் 1865 முதலே ஒருவர் மேடையில் உட்கார்ந்து தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் வாசித்துக் காட்டும் வழக்கம் உண்டு என்று படித்திருக்கிறேன். அந்தத் திண்ணையில் அதுதான் நடந்தது. வீட்டில் நேரம் இல்லை என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம், வேலையும் வாசிப்பும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த மேடமிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: வீட்டுக்குக் கொடுக்கிற புத்தகம் சத்தமாக வாசித்தால் கேட்க நன்றாக இருக்க வேண்டும், உரையாடல் நிறைய உள்ள கதையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று.

பாளையங்கோட்டை, புதுசாகச் சேர்ந்தவர்:

எல்லாரும் எட்டு, ஒன்பது என்றே சொல்கிறீர்கள். எனக்குப் பத்தாம் வகுப்பு மட்டும்தான். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட். கதைப் பீரியட் என்று வாயைத் திறந்தாலே மெல்லக் கற்கும் மாணவர்களை முதலில் பாஸ் பண்ண வையுங்கள் என்கிறார்கள். என்ன செய்ய?

அம்பை ரோடு டீச்சர்:

தம்பி, மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். மனப்பாடப் பகுதியையும் கடிதத்தையும் எழுதி எழுதி அவர்கள் ஆங்கிலத்தை வெறுத்துப் போயிருப்பார்கள். முழுப் பீரியட் கேட்காதீர்கள், கிடைக்காது. ஸ்பெஷல் கிளாஸின் முதல் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துணைப்பாடக் கதையிலிருந்தே தொடங்கலாம், வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி அதிலிருந்துதான் வருகிறது, அதனால் யாரும் உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அதைப் பாடமாக நடத்தாமல் கதையாக வாசித்துக் காட்டுங்கள், விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி மூடி வையுங்கள். கதையை ரசித்துக் கேட்ட பிள்ளைக்கு எது முதலில் நடந்தது, எது பிறகு என்று தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேட்கிற கேள்விக்கும் வாசித்துப் பழகிய கண்தான் வேண்டும், கைடில் அதற்கு விடை கிடையாது.

நாங்குநேரி சார் சொன்ன கருத்து வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன், மோட்டார்ப் பையனும் அதைத்தான் காட்டினான். முக்கூடல் டீச்சர், சத்தமாக வாசிக்க நன்றாக இருந்த கதைகளின் பட்டியல் அந்த மேடமிடம் இருந்தால் வாங்கிப் போடுங்கள், எங்கள் ஊரிலும் பீடி சுற்றுகிற வீடுகள் நிறைய. பத்தாம் வகுப்பில் இதை முயன்று பார்த்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தம்பிக்காக எழுதுங்கள், முக்கியமாக அரையாண்டுக்குப் பிறகு, ரிவிஷன் தேர்வுகள் தொடங்கின பின்னும் அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று.