தாத்தா படம் யாரிடம் இருக்கிறது?

குழு: காவேரிப்பட்டணம் வீடு (உறவுமுறைகள் கவிதாவின் போனில் உள்ளபடி)

*சனிக்கிழமை*

அத்தை: கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஸ்டுடியோவில் நிற்கிறேன். அப்பா படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். வருடத் திதிக்குள் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் இல்லையா? பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். நல்ல காப்பி யாரிடம் இருக்கிறது?

அப்பா: இந்தக் குழுவிலேயே இருக்கிறதே அம்மா, அதைக் கொடு.

அத்தை: அதைத்தான் கொடுத்தேன் அண்ணா.

கவிதா: வாட்ஸ்அப்பில் வந்த படம் அப்படித்தான் அத்தை. அனுப்பும்போதே நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். போனில் பார்க்க அது போதும். 12க்கு 18 அங்குலம் போட்டால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. ஸ்டுடியோவில் 300 இருந்தால் நன்றாக வரும் என்பார்கள்.

ஊத்தங்கரை மாமா: எச்.டி. என்று ஒன்று இருக்கிறதே?

கவிதா: அது கொஞ்சம் தேவலை மாமா. ஆனால் அசல் இல்லை. கிளிப் குறியைத் தொட்டு ‘ஆவணம்’ வழியாக அனுப்பினால்தான் எடுத்தது எடுத்தபடி போகும். எடுத்த தேதியும் கூடவே போகும்.

பெரியப்பா: அது கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் எடுத்தது. ஓசூர் தம்பிதான் எடுத்தான்.

ஓசூர் சித்தப்பா: அந்த போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது அண்ணா. கூகுளில் இருக்கும். இருங்கள், தேடுகிறேன்.

ஓசூர் சித்தப்பா: (ஆவணம், 4.1 எம்.பி.)

அத்தை: வந்துவிட்டது! துண்டில் இருக்கும் கரைகூடத் தெரிகிறது. இதுதான் வேண்டும் என்கிறார்.

ஓசூர் சித்தப்பா: நல்லவேளை, இன்றைக்குக் கேட்டாய். போனில் இடமே இல்லை. கூகுளில்தான் எல்லாம் இருக்கிறதே என்று மொத்தத்தையும் சாயங்காலம் அழிக்கலாம் என்று இருந்தேன்.

பிரபு: சித்தப்பா, கையை எடுங்கள். எங்கே போய் அழிப்பீர்கள்?

ஓசூர் சித்தப்பா: அந்த நாலு வண்ணக் காற்றாடி ஆப்பில்தான், கூகுள் போட்டோஸ்.

பிரபு: அங்கே அழித்தால் கூகுளிலும் அழியும். போனும் கூகுளும் அங்கே தனித்தனி இல்லை. குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. போனில் மட்டும் காலி செய்ய ‘ஃபிரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக இருக்கிறது. கூகுளுக்கு ஏறிய படத்தை மட்டும்தான் அது போனிலிருந்து எடுக்கும். அதற்கும் முன்னால், மேலே வலது மூலையில் உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு, பேக்கப் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர் சித்தப்பா: ‘சேமிப்பிடம் நிறைந்துவிட்டது’ என்கிறது. தீபாவளியிலிருந்து ஒரு படம்கூட ஏறவில்லை போலிருக்கிறது!

அத்தை: அடப்பாவி. பேத்தி காதுகுத்து எல்லாம் உன் போனில்தான் எடுத்தோம்.

ஓசூர் சித்தப்பா: முன்பெல்லாம் எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொண்டதே?

பிரபு: 2021 ஜூன் 1இலிருந்து அது இல்லை. இலவசம் 15 ஜி.பி.தான். மெயில், டிரைவ், படம் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. காலை வணக்கம் ரோஜாப்பூ எல்லாம் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

பெரியப்பா: என் ரோஜாப்பூவைச் சொல்கிறாயா?

பிரபு: பொதுவாகச் சொன்னேன் அப்பா.

அப்பா: பணம் கட்டினால் இடம் தருவார்களாமே?

பிரபு: 100 ஜி.பி.க்கு மாதம் 130 ரூபாய் சித்தப்பா. ஒருவர் கட்டினால் இன்னும் ஐந்து பேர் அந்த இடத்தைப் பகிரலாம். ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது.

பெரியப்பா: மாதாமாதமா? ஆயுள் முழுக்க வாடகையா? ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினால் முடிந்தது.

பிரபு: பென்டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகத்தான். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பது தானாகவே அழிய வாய்ப்பு உண்டு. ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். படம் ஒன்றுக்கு 5 எம்.பி. என்று வைத்தால் 1 டி.பி.யில் 2 லட்சம் படம் கொள்ளும். வீடியோதான் இடத்தைத் தின்னும். ஆனால் அதுவும் ஒரு நாள் போகும். அதனால் ஒன்று போதாது, இரண்டு.

பெரியப்பா: இரண்டையும் பீரோவில் வைக்கிறேன்.

ஊத்தங்கரை மாமா: மச்சான், அது மட்டும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்ததே, பஸ் நிலையம் பக்கம் நின்ற வேனும் காரும் அடித்துக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கீழே, பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதன் பக்கத்திலேயே. இரண்டும் ஒன்றாகத்தான் மூழ்கின. இன்று எங்களிடம் இருக்கும் பழைய படமெல்லாம் தர்மபுரிக்கும் ஓசூருக்கும் எப்போதோ அனுப்பியதைத் திரும்ப வாங்கியதுதான். அதுவும் வாட்ஸ்அப் காப்பி.

அத்தை: கல்யாண ஆல்பத்தை வெயிலில் காயவைத்தோம். காய்ந்தபின் பக்கத்தைப் பிரித்தால் முகமெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்துவிட்டது.

கவிதா: இனி எங்காவது நனைந்தால் ஈரத்தோடேயே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும் அத்தை. அப்புறம் படம் மேலே தெரியும்படி பரப்பி நிழலில் உலர்த்தலாம். ஒட்டிக் காயவிட்டால்தான் பிரிக்க முடியாமல் போகும்.

அப்பா: அப்படியென்றால் ஒரு டிஸ்க் காவேரிப்பட்டணத்தில், ஒன்று ஓசூரில். ஒரே நாளில் இரண்டு ஊரிலும் வெள்ளம் வராது.

பிரபு: அதேதான் சித்தப்பா. மூன்றாவது கூகுள். முக்கியமான படங்களை மட்டும் ஏற்றினால் 15 ஜி.பி.யே கொஞ்ச நாள் தாங்கும்.

அப்பா: எது முக்கியம் என்று யார் சொல்வது? உன் பெரிய அத்தான் பைக்கோடு எடுத்தது மட்டும் ஒரு டிஸ்க் வரும்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

*ஞாயிற்றுக்கிழமை*

கவிதா: பெரியப்பா, தாத்தா போன் எங்கே இருக்கிறது? அவருக்கும் ஜிமெயில் இருந்ததே.

பெரியப்பா: பீரோவில். சார்ஜ் இல்லை. சிம் ரீசார்ஜ் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் போய் வருடம் ஆகப்போகிறது.

கவிதா: இன்றைக்கே ரீசார்ஜ் போடுங்கள். நம்பர் கைவிட்டுப்போனால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் போகும். போனை சார்ஜ் போட்டுத் திறந்து வையுங்கள். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்கை கூகுள் அழிக்கலாம், படங்களோடு சேர்த்து. நான் வந்து கூகுளின் ‘டேக்அவுட்’ போட்டு மொத்தமாக இறக்கிவிடுகிறேன்.

பெரியப்பா: பேட்டர்ன் உன் பெரியம்மாவுக்குத் தெரியும். திறந்துவிட்டது. மாட்டுப் படம்தான் நிறைய.

கவிதா: மாட்டையும் சேர்த்தே எடுக்கலாம் பெரியப்பா.

அப்பா: நாம் இருக்கும்போதே இதற்கு வழி இல்லையா?

கவிதா: இருக்கிறது அப்பா. கூகுள் கணக்கில் ‘இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று ஒன்று. இத்தனை மாதம் நீங்கள் உள்ளே வராவிட்டால் யாருக்குத் தெரிவிப்பது, அவர்கள் எதையெல்லாம் இறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம்.

அப்பா: உயில் மாதிரி. சரி, உன் பெயரைப் போட்டுவிடு.

ஓசூர் சித்தப்பா: என் கல்யாணம் முழுக்க சி.டி.யில் இருக்கிறது. லேப்டாப்பில் போட ஓட்டையே இல்லை.

பிரபு: யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் ஆபீஸ் நண்பனிடம் வாங்கி வருகிறேன். சி.டி.யை வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தால் முதலில் எடுங்கள், அந்தச் சாயம் வெளுத்தால் படிக்காது. எல்லோருக்கும் ஒன்று: டிஸ்குக்கு மாற்றும்போது கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். நாலைந்து படத்தைத் திறந்து பார்த்தபின் மற்றதைப் பேசலாம்.

ஊத்தங்கரை மாமா: பஸ் நிலையம் பக்கம் கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் அவர்களே ஏற்றித் தருவார்களே?

அத்தை: வீட்டுப் பெண்கள் படமெல்லாம் யார் கம்ப்யூட்டரிலோ கிடக்கவா? வேண்டாம். பிரபு வரட்டும்.

அத்தை: (படம்) இது உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது பெரிய அண்ணா. ஒகேனக்கல், ஆடிப்பெருக்கு. இடது ஓரத்தில் நிற்கும் பையன் யார்?

அப்பா: நான்தான்.

பெரியப்பா: நீ இல்லை, நான்.

ஓசூர் சித்தப்பா: இரண்டு பேரும் இல்லை. உங்கள் இருவருக்கும் காது அப்படி இருக்காது.

பெரியம்மா: ஆயாவிடம் காட்டினேன். சொல்வதை அப்படியே தட்டுகிறேன். “அந்தப் பையன் நம் வீட்டுப் பிள்ளையே இல்லை. பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவளின் மகன். படம் எடுக்கிறார்கள் என்றதும் ஓடி வந்து நின்றான். பெரியவன் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறையில் படுத்திருந்தான், அதனால் படத்தில் இல்லை.”

அப்பா: இத்தனை வருடமாக அவனை அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதா: பெரியம்மா, ஆயா பேசுவதை வாய்ஸாகப் பதிந்து அனுப்புங்கள். ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு படத்துக்கும் வருடம், ஊர், ஆட்கள் என்று கோப்புக்கே பெயர் வைத்துவிடலாம். இங்கே உள்ளவர்களில் பாதிப் பேரை ஆயாவைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளியில் (டி.பி.ஐ.) வையுங்கள் பிரபு அண்ணா, சின்னப் படத்தையும் பிறகு பெரிதாக்கலாம்.

பிரபு: சரி. அடுத்த ஞாயிறு டிஸ்க், டிரைவ், ஸ்கேனர் மூன்றோடும் வருகிறேன். ஓசூர் டிஸ்கை நானே திரும்பும் வழியில் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

பெரியப்பா: செந்தூரா மாம்பழம் இறக்கியாயிற்று. ஓசூருக்கு ஒரு பெட்டி போகிறது. அதற்குள்ளேயே வைக்கோலில் சுற்றி வைத்துவிடலாம்.

பிரபு: அப்பா, டிஸ்கை மாம்பழப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

பெரியப்பா: பழமே அடிபடாமல் போகிறது, உன் டிஸ்குக்கு என்ன?

ஓசூர் சித்தப்பா: அண்ணா, டிஸ்க் அவன் மடியில் வரட்டும். பெட்டி முழுக்கப் பழம் வையுங்கள்.